காய்ச்சல் போயிற்று, இருமல் போகவில்லை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சளிக்காய்ச்சல் வந்து மூன்று வாரம் ஆகிறது. காய்ச்சல் நான்காம் நாளே விட்டது. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். இருமல் மட்டும் நின்றபாடில்லை, சளி மஞ்சளாக வருகிறது. இன்னொரு கோர்ஸ் சாப்பிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். இந்த வகை நெஞ்சுச்சளியில் பத்துக்கு ஒன்பது வைரஸால் வருவது; ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. மஞ்சளும் பச்சையும் கிருமியின் நிறமல்ல. கிருமியோடு மல்லுக்கட்டிச் செத்த வெள்ளணுக்கள் விட்டுப்போகும் நிறம் அது. நிறத்தை மட்டும் பார்த்து மருந்து மாற்றுவதில் பொருளில்லை.

காய்ச்சல் விட்டாலும் மூச்சுக்குழலின் உள்தோல் புண்ணாகத்தான் கிடக்கும். சளியை மேலே தள்ளுகிற நுண்மயிர்கள் அங்கே மறுபடி முளைக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மிளகாய்த் தாளிப்பு, ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், ஏசி காற்று, வாய்விட்டுச் சிரிப்பது என எல்லாமே இருமலைக் கிளப்பும். பலருக்கு இரண்டரை வாரத்தில் அடங்கிவிடும். எட்டு வாரம் வரை இழுப்பதும் உண்டு. சுருளையும் ஊதுபத்தியையும் ஒரு மாதம் நிறுத்திவைப்பது பல சிரப்புகளைவிடப் பலன் தரும்.

அப்படியென்றால் சும்மா இருந்துவிடலாமா? கூடாது. இரண்டு வாரம் தாண்டிய இருமல் எதுவானாலும் நம் நாட்டில் காசநோய்ப் பரிசோதனை செய்துவிட வேண்டும். எடை குறைவது, மாலைக் காய்ச்சல், இரவில் வியர்ப்பது இவையும் இருந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். விவரம் கேட்க 1800-11-6666. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வந்துவிடலாம். இன்னொன்று: லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் காசநோயை அரைகுறையாக அமுக்கிவைத்துக் கண்டுபிடிப்பதையே தாமதமாக்கும். கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. நெஞ்சில் ‘கர் கர்’ என்று சத்தம் கேட்கிறது. இருமி இருமிக் களைத்துப்போகிறார், சளி வெளியே வரவில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?
– வாசகர், கும்பகோணம்

முதலில் டாக்டர் ஒருமுறை நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிடட்டும். இளைப்பும் (ஆஸ்துமா) நிமோனியாவும் இதே சத்தத்தோடு வரும்.

சளி வராததற்குப் பெரும்பாலும் இருமும் முறைதான் காரணம். விடாமல் இருமும்போது நெஞ்சில் காற்று குறைந்து சிறு குழல்கள் அமுங்கிவிடுகின்றன. சளி அவற்றுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. சளிக்குப் பின்னால் காற்றைக் கொண்டுபோய், அந்தக் காற்றே அதைத் தள்ளும்படி செய்ய வேண்டும்.

அம்மாவை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் தோளைத் தளர்த்திச் சாதாரண மூச்சு. பிறகு மூக்கால் மெதுவாக, ஆழமாக மூச்சிழுத்து, மூன்று விநாடி நிறுத்தி, அழுத்தம் கொடுக்காமல் விட வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை. மறுபடி சாதாரண மூச்சு. அடுத்து நடுத்தரமாக ஒரு மூச்சிழுத்து, வாயை நன்றாகத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் முன் ஊதுவோமே, அதுபோல ‘ஹா’ என்று சற்று வேகமாக ஊத வேண்டும். இரண்டு முறை போதும். சளி தொண்டைக்கு ஏறியது தெரிந்தபின் ஒரே ஒரு இருமல். காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் இதைச் செய்யலாம்.

தொண்டையை இறுக்கிக்கொண்டு ஊதுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்போது ‘கீச்’ என்று சத்தம் வரும், நெஞ்சு இறுகும். உடனே நிறுத்திச் சாதாரண மூச்சுக்குத் திரும்ப வேண்டும். தலை சுற்றினால் ஆழ்ந்த மூச்சு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

பகலெல்லாம் படுக்கவைக்காதீர்கள், வீட்டுக்குள் நடந்தாலே சளி இளகும். இரவில் தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும். வெந்நீர் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். இதய, சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவை மீறாதீர்கள்.

அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 25ஐத் தொட்டாலோ, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 92 அல்லது அதற்குக் கீழே காட்டினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 93 என்றால் அன்றைக்கே டாக்டர். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கருவி தவறாகக் காட்டும். வயதானவர்களுக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாமலும் வரும். திடீரென்று பேச்சு தடுமாறினால், சாப்பாட்டை ஒதுக்கினால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆவி பிடிக்கும் தண்ணீரில் தைலமா, சூடமா, எது போடுவது?
– வாசகி, விருதுநகர்

இரண்டும் வேண்டாம். இளைப்பு உள்ளவர்களுக்குத் தைலநெடியே மூச்சை இறுக்கும். சூடம் குழந்தையின் வாய்க்குள் போனால் வலிப்பு வரும். ஆவியே மூக்கடைப்பைத்தான் இளக்கும், நெஞ்சின் ஆழத்துக்கு அவ்வளவாகப் போகாது. வெறும் வெந்நீர் போதும்: அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு நிமிடம் விட்டு, ஆடாத இடத்தில் வைத்து, ஒரு அடி தள்ளி ஐந்து நிமிடம். குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவதுதான் இதில் பெரிய ஆபத்து.

கேள்வி: ஆடாதோடை, அதிமதுரம், தேன் எல்லாம் உண்மையிலேயே கேட்குமா?
– வாசகர், தென்காசி

ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டித்தான் ‘புரோம்ஹெக்சின்’ என்ற சளியிளக்கி மருந்தே உருவானது. இரண்டு இலையை இரண்டு தம்ளர் தண்ணீரில் பாதியாக வற்றவைத்து, காலையும் மாலையும் அரை தம்ளர் குடிக்கலாம். நான்கைந்து நாள் போதும். அளவு கூடினால் வாந்தி வரும். கர்ப்பிணிகள் தொடக் கூடாது, கருப்பையைச் சுருக்கும்.

அதிமதுரம் தொண்டைக்கு இதம். ஆனால் நாள்தோறும் சாப்பிட்டால் உடலில் உப்பைத் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் விட்டுவிடுங்கள். தேன் படுக்கும்முன் ஒரு டீஸ்பூன். இரவு இருமலுக்கு நல்லது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடக் கூடாது.

கேள்வி: சளியே இல்லை, வறட்டு இருமல் மட்டும் இரண்டு மாதமாக. பிரஷருக்கு ராமிப்ரில் சாப்பிடுகிறேன்.
– வாசகர், ஓசூர்

அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். எனாலாப்ரில், லிசினோப்ரில் ஆகியவையும் அப்படித்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் டெல்மிசார்டன் போல வேறு வகைக்கு மாற்றுவார். மாற்றியபின் இருமல் அடங்க ஒன்றிலிருந்து நான்கு வாரம் ஆகும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்பதால் காசநோய்ப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் உங்களுக்கும் உண்டு.

கேள்வி: மூத்தவனுக்கு வாங்கிய இருமல் சிரப் மிச்சம் இருக்கிறது. இரண்டு வயதுச் சின்னவளுக்கு அரை அளவு கொடுக்கலாமா?
– வாசகி, ஆரணி

கால் அளவும் வேண்டாம். பல சிரப்புகளில் இருமலை அடக்கும் மருந்தும் சளியை இளக்கும் மருந்தும் ஒன்றாகவே இருக்கும். இளகிய சளியை வெளியேற்ற இருமல்தானே வேண்டும்? அதோடு தூக்க மருந்தும் சேர்ந்தால் சின்னக் குழந்தையின் மூச்சே மந்தமாகும். வெதுவெதுப்பான தண்ணீர், படுக்கும்முன் அரை டீஸ்பூன் தேன், மூக்கில் சலைன் (உப்புநீர்) சொட்டு, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 40 அல்லது அதற்குமேல் மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ இரவானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.