ஜான் லாங்கே எழுதிய எட்டு நாவல்கள்

கேள்வி: 'ஜுராசிக் பார்க்' நாவலில் மனம் பறிகொடுத்து, அதை எழுதிய மைக்கேல் கிரைட்டன் மாணவப் பருவத்தில் ஜான் லாங்கே என்னும் புனைபெயரில் எழுதிய 'ஆட்ஸ் ஆன்' நூலைத் தேடி வாசித்தேன். பாத்திரங்களில் உயிர் இல்லை. பெண்களைப் பற்றிய வருணனைகள் முகம் சுளிக்க வைக்கின்றன. மீதி ஏழு நாவல்களையும் வாசிக்கத்தான் வேண்டுமா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் உண்மையே. ஹார்வர்டில் மருத்துவம் பயின்றவர், படிப்புச் செலவுக்காக விரைந்து எழுதியவை இவற்றில் பெரும்பாலானவை. 1966 முதல் 1972 வரை எட்டு நாவல்கள் இந்தப் பெயரில் வெளிவந்தன. (ஆறடி ஒன்பது அங்குல உயரம் கொண்ட அவர், 'நெடிய' எனப் பொருள்படும் ஜெர்மானியப் பெயரைச் சூடிக்கொண்டார்.)

ஆயினும் 'ஆட்ஸ் ஆன்' கதையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை ஓட்டல் ஒன்றைக் கொள்ளையிட மூவர் கணினியின் துணையோடு திட்டமிடுகிறார்கள். நேரக்கூடிய அனைத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டதாக நம்புகிறார்கள். கணக்கில் சேராதவை குறுக்கே வருகின்றன. 1990இல் வெளிவந்த டைனோசர் நாவலின் கருவும் இதுவேயன்றோ? அங்கே பூங்காவின் கணினி, இருக்க வேண்டிய 238 விலங்குகளும் இருப்பதாக ஒவ்வொரு முறையும் காட்டுகிறது. அந்த எண்ணை எட்டியதும் அது எண்ணுவதை நிறுத்திவிடுகிறது என்பதைக் கணித அறிஞர் மால்கம் உணர்ந்து, கூடுதலாக எண்ணச் சொன்ன பிறகே 292 விலங்குகள் இருப்பது தெரியவருகிறது. முதல் நாவலில் கணினி கதைக்குப் புதுமை சேர்க்கும் கருவியாக மட்டுமே நிற்கிறது; பின்னதில், ஒரு பக்கத்தில் அச்சிடப்பட்ட வெறும் எண்பட்டியலே நம் நெஞ்சைத் திடுக்கிட வைக்கிறது. ஒரே எண்ணத்தை இருபத்து நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே கை எப்படி வேறு விதமாகக் கையாள்கிறது என்பதைக் காண்பதற்காகவே நான் இந்நூல்களை விரும்பி வாசிக்கிறேன்.

எட்டையும் வாசிக்கத் தேவையில்லை. நிறுவனம் ஒன்று நடத்தும் உல்லாசத் தீவைப் பற்றிய 'ட்ரக் ஆஃப் சாய்ஸ்' (1970) பின்னாளில் வந்த பூங்காவுக்கு ஒரு முன்வரைவு போன்றது. அதன் பிற்பாதி தளர்ந்து போனாலும் அதற்காகவே வாசிக்கலாம். 'பைனரி' (1972) உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும் என எண்ணுகிறேன். தனித்தனியே தீங்கற்ற இரண்டு வேதிப்பொருள்கள் சேர்ந்தால் நரம்பைத் தாக்கும் நச்சுவாயுவாகும் என்ற அறிவியல் செய்தியிலிருந்தே அதன் பரபரப்பு முழுவதும் பிறக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட வருணனைகளுக்கு அந்தக் கதையின் வேகம் இடம் தருவதில்லை. அந்தப் பெயரில் அவர் எழுதிய கடைசி நாவலும் அதுதான். அடுத்து அதையே எடுங்கள். 2013இல் வந்த மறுபதிப்பில் கிரைட்டனின் பெயரும் அட்டையில் இருப்பதால் தேடுவது எளிது.