ஒரு ஏக்கரை அடகு வைத்து வானொலிக்குப் போக வேண்டாம்

போன சனிக்கிழமை லால்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய், அவருடைய மகள், தாய்மாமா என்று மூன்று பேர் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். மாமாவின் கையில் இரண்டு கையேடுகள். ஒன்று, சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். செயற்கை நுண்ணறிவு, நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசி முடித்திருந்தார். விடுதியோடு நான்கு ஆண்டுகளுக்கு 14 லட்சம். மற்றொன்று, பெண் பிடிவாதம் பிடித்தால் காட்டுவதற்காகக் கொண்டுவந்தது: ஆறு மாத ஆர்.ஜே. (வானொலி அறிவிப்பாளர்) டிப்ளமோ, 1,20,000 ரூபாய். எதைத் தேர்ந்தாலும் வீட்டில் இருக்கும் ஒரே ஏக்கர் நஞ்சை அடமானத்துக்குப் போகும்.

பெண் பிளஸ் டூ முடித்தவள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. “எனக்கு ரேடியோவில் வேலை செய்ய வேண்டும்” என்று ஒரு வரி சொன்னதோடு சரி. “எங்கே, ஏதாவது பேசிக் காட்டு” என்றார் மாமா. அவள் பேசவில்லை. போனை எடுத்து ஒரு பதிவை ஓடவிட்டாள். கிணற்றடியில் உட்கார்ந்து பாட்டி, தான் நடவுக்குப் போன காலத்தைச் சொல்கிறார். பின்னால் ராட்டினம் கிறீச்சிடுகிறது. ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வருடத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டுப் பாட்டி நிறுத்திவிடுகிறார். நான்கைந்து விநாடி பேச்சே இல்லை, ராட்டினச் சத்தம் மட்டும். பேத்தி குறுக்கே போகவில்லை. பிறகு பாட்டியே தொண்டையைச் செருமிக்கொண்டு மீதியைச் சொல்கிறார். அந்த மீதிதான் விஷயமே.

முதல் பத்து நிமிடம் நானும் “கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவைக் கேட்டதும் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டு வாதாட ஆரம்பித்தேன். அவர்களிடம் சொன்னதை, இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் ஆகும் என்று இங்கே எழுதுகிறேன்.

அம்மா, முதலில் நிலத்தைப் பற்றி. அதை இரண்டில் எதற்கும் அடகு வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பி.டெக். விரும்பிப் படிப்பவர்களுக்கு நல்ல படிப்பு. உங்கள் மகளுக்கு விருப்பம் ரேடியோதான், அதை உங்கள் முன்னால்தான் சொன்னாள். பிடிக்காத படிப்பைப் பணம் கொடுத்து வாங்கி, மூன்றாம் செமஸ்டரில் அரியரோடு வந்து என் எதிரே அழுத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். “பெரியப்பா மகன் சேர்ந்துவிட்டான், நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள்” என்பது படிப்புக்கான காரணமே அல்ல. உங்கள் தம்பி அக்கறையில்தான் பேசுகிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாதா மாதம் வட்டி கட்டப்போவது நீங்கள்.

ஆர்.ஜே. டிப்ளமோவுக்கும் இதே பதில்தான். போன ஆண்டு அப்படி ஒன்றை முடித்த பையன் ஒருவன் வந்தான். சான்றிதழும் மூன்று நிமிட மாதிரிக் குரல் பதிவும் வைத்திருந்தான். பதிவு முழுக்கப் பிரபல அறிவிப்பாளர் ஒருவரின் வேகமும் சிரிப்பும். அவனுடைய சொந்தக் குரல் எது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆறு மாதத்தில் அவன் ஒரு தடவைகூட வெளியே போய் இன்னொரு மனிதரைப் பேட்டி எடுக்கவில்லை. தனியார் எஃப்.எம். நிலையங்கள் குரலைக் கேட்டு ஆள் எடுக்கின்றன. இந்தச் சான்றிதழுக்கு அங்கே தனி மதிப்பு கிடையாது.

அப்படியானால் வழி என்ன என்று கேட்டீர்கள். தனியார் எஃப்.எம்.மும் அகில இந்திய வானொலியும் எல்லாருக்கும் தெரிந்தவை. யாரும் உங்களுக்குச் சொல்லாதது சமுதாய வானொலி: ஒரு கல்லூரியோ தொண்டு நிறுவனமோ தன் சுற்றுவட்டார மக்களுக்காக நடத்தும் சிறிய வானொலி.

காற்றலை பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002-இல் கல்வி நிறுவனங்கள் சொந்தமாகச் சிறு வானொலி நடத்த மத்திய அரசு அனுமதித்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது; இந்தியாவில் ஒரு கல்வி வளாகத்திலிருந்து ஒலித்த முதல் சமுதாய வானொலி அதுதான். 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் வானொலி, பாம்பனில் மீனவர்களுக்காகவே 2016-இல் தொடங்கிய கடல் ஓசை எல்லாம் அந்த வழியில் வந்தவை. நாடு முழுவதும் இன்று 500-க்கும் மேற்பட்ட நிலையங்கள். உங்களுக்கு மிக அருகில், திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் 90.4-இல் ஒன்று இருக்கிறது.

இவை சின்ன நிலையங்கள். 100 வாட் ஆற்றல், 30 மீட்டருக்கு மிகாத கோபுரம், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்குக் கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கெடுத்து உருவானதாக இருக்க வேண்டும் என்பது விதி. புதிதாக வருகிறவளுக்கு இந்தச் சிறுமைதான் பெரிய வசதி. பெரிய நிலையத்தில் ஒலிப்பதிவுக்கு ஒருவர், எழுத ஒருவர், பேச ஒருவர். இங்கே ஆள் பற்றாக்குறை. அதனால் எல்லா வேலையும் எல்லார் கைக்கும் வரும்.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், அவளும் கேட்டுக்கொள்ளட்டும். முதல் நாளே மைக் முன்னால் உட்கார வைக்க மாட்டார்கள். ஒலிபரப்புப் பதிவேட்டைக் கொடுத்து, எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது முடிந்தது என்று எழுதச் சொல்வார்கள். ஒலிபரப்பானவற்றை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று விதி இருப்பதால், கோப்புகளுக்குப் பெயரிட்டு அடுக்கும் வேலையும் வரும். சலித்துக்கொள்ளக் கூடாது. ஒரு வாரம் இதைச் செய்தால் ஒரு நாளின் ஒலிபரப்பு எப்படி ஓடுகிறது என்பது மனதில் பதிந்துவிடும்.

அடுத்தது வெளியே போய்ப் பதிவு செய்வது. சுய உதவிக் குழுக் கூட்டம், ஆரம்ப சுகாதார நிலையம், நெல் கொள்முதல் நிலைய வாசல். மின்விசிறியை நிறுத்தச் சொல்ல வேண்டும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்வாகப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். பேசி முடிந்ததும் யாரும் வாய் திறக்காமல் அரை நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெட்டி ஒட்டும்போது இடையில் நிரப்ப அதுதான் உதவும். பதிவுக் கருவியில் ஒலி அளவு சிவப்பைத் தொட்டுவிட்டால் அந்தக் குரல் சிதைந்துவிடும், பிறகு மென்பொருளால் அதை முழுதாக மீட்பது கடினம்.

ஒரு மணி நேரம் பேசியதைப் பதினைந்து நிமிடமாக்குவது ஒலித்தொகுப்பு. ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். புதியவர்கள் ‘வந்து’, ‘அதாவது’ என்று வரும் இடமெல்லாம் வெட்டுவார்கள், மூச்சையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். கேட்டால் எந்திரம் பேசுவது போல இருக்கும். எங்கே வெட்டக் கூடாது என்று தெரிந்துகொள்ளச் சிலருக்கு ஒரு வருடம் ஆகும். உங்கள் மகள் பாட்டியின் அந்த நான்கைந்து விநாடியை வெட்டாமல் வைத்திருக்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு எழுத்து. பள்ளிக்கூடத்துக் கட்டுரைத் தமிழ் காதுக்கு ஆகாது. ‘மேலே குறிப்பிட்டபடி’ என்று எழுதினால், கேட்கிறவர் எந்த மேலே போய்ப் பார்ப்பார்? அவரால் பக்கத்தைத் திருப்ப முடியாது. அதனால் ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம். ஆளின் பெயரை அடிக்கடி திரும்பச் சொல்ல வேண்டும். 9,870 என்பதைப் ‘பத்தாயிரம் பக்கம்’ என்று சொல்ல வேண்டும்.

கடைசியில்தான் மைக். ஹெட்போனில் முதன்முதலாகத் தன் குரலைக் கேட்கும்போது பிடிக்காது, எல்லாருக்கும் அப்படித்தான். அந்த வெறுப்பில் வேறு யாருடைய குரலையோ போட்டுக்கொள்கிறவர்கள்தான் கெட்டுப்போகிறார்கள். ல, ள, ழ மூன்றையும் தினமும் காலையில் அரை மணி உரக்கப் படித்துப் பழகினால் திருந்திவிடும். ஊர் வாசனை குரலில் இருக்கட்டும், சமுதாய வானொலியில் அது தகுதி. ‘நேயர்களே’ என்று கூட்டத்தைப் பார்த்துப் பேசாமல், களத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து கேட்கிற ஒருவரோடு பேசுவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்ற மறந்து அரை நிமிடம் வானொலி ஊமையாகப் போகும். உள்ளங்கை வியர்க்கும். மறுநாளும் அவள் போக வேண்டும், நீங்கள் அனுப்ப வேண்டும்.

இதெல்லாம் அறியாத ஊர்க்காரர்கள் அல்ல நீங்கள். திருச்சி வானொலி 1939-இலிருந்து ஒலிக்கிறது. 1960-களில் அதன் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டு ஆடுதுறை 27 நெல்லைப் போட்ட டெல்டா விவசாயிகள், அந்த ரகத்துக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்தார்கள். உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கலாம்.

இனி பணம். இதை மறைத்தால் நான் செய்வது பாவம். சமுதாய வானொலியில் ஊதியம் குறைவு. முதலில் பல இடங்களில் போக்குவரத்துச் செலவோ சிறு மதிப்பூதியமோதான் கிடைக்கும். மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம், அரசு விளம்பரத்துக்குப் பத்து விநாடிக்கு 74 ரூபாய் என்பது 2024-இல் திருத்திய கணக்கு. இந்த வருமானத்தில் நிலையம் பெரிய சம்பளம் தர முடியாது. செய்திப் பிரிவு என்று ஒன்றும் இருக்காது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆகவே இதைப் படிப்போடு சேர்த்து மூன்று வருடப் பயிற்சியாக வையுங்கள், முழு வேலையாக அல்ல.

படிப்பு, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய அரசுக் கலைக் கல்லூரியில். தமிழோ வரலாறோ, அவள் விரும்புவதை எடுக்கட்டும். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். பட்டம் தனியாக நிற்கும். வானொலி கைகொடுக்காவிட்டால் பி.எட். படிக்கலாம், போட்டித் தேர்வு எழுதலாம். நிலம் உங்களிடமே இருக்கும்.

பட்டம் வாங்கிய பிறகு, அகில இந்திய வானொலி தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு அறிவிப்பு விடும்போது விண்ணப்பிக்கட்டும். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, தேர்வானால் ‘வாணி’ என்ற குறுகிய பயிற்சி. மாதத்துக்கு ஆறு பணிகள் வரைதான் கொடுப்பார்கள்; அதை நிரந்தர வேலை என்று உறவினர்களிடம் சொல்லிவிடாதீர்கள். ஆனால் அதற்குள் அவளிடம் மூன்று வருடப் பதிவுகள் இருக்கும். ஒலிநூல், ஆவணப்பட ஒலிப்பதிவு, பின்னணிக் குரல், தனியார் எஃப்.எம்.மில் நிகழ்ச்சித் தயாரிப்பு என்று எந்தக் கதவைத் தட்டினாலும், “நான் செய்தது இது” என்று எடுத்துக்காட்ட ஏதாவது இருக்கும்.

இன்னொன்று, தம்பி காதிலும் போடுங்கள். ‘ரேடியோ என்றால் பேசுகிற வேலை, இவள் வாயே திறப்பதில்லை’ என்றார். வாயாடும் பிள்ளைகள் மைக் முன்னால் சீக்கிரம் தயாராகிவிடுவார்கள், உண்மைதான். எதிராளியைப் பேசவைக்கத் தெரிந்த பிள்ளை அபூர்வம். அவளைச் சினிமா அரட்டை நிகழ்ச்சிக்குத் தள்ளாதீர்கள். அவளுடைய மனம் பாட்டியிடமும் நடவுக்காரர்களிடமும் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: கல்லூரி விண்ணப்பத்தைப் போடுங்கள். பிறகு ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு 90.4 நிலையத்துக்கு நேரில் போய், தன்னார்வலராக வர வழி உண்டா என்று கேளுங்கள். அங்கே இடமில்லை என்றால் மாவட்டத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று அவர்களிடமே விசாரியுங்கள். பாட்டியின் பதிவைப் போனில் மட்டும் வைக்காமல் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம். அதைத் தம்பியிடம் சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் அவருடைய எண்ணை எனக்கு அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை மாலை நானே கூப்பிட்டுப் பேசுகிறேன்.