ஃபேக் ஐடி, மிரட்டல், வசவு: எந்தப் புகார் நிற்கும்?

கேள்வி: கொங்குப் பக்கம் ஒரு சின்ன டவுனில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். தங்கை கல்யாணத்துக்குப் பேசிய மண்டபத்தில், தேதி தள்ளிப்போனதும் அட்வான்ஸ் 40,000 ரூபாயைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். நடந்ததை ஃபேஸ்புக்கில் எழுதினேன். கடைசி வரியில் ‘மோசடிக் கும்பல்’ என்றும் போட்டுவிட்டேன். அதிலிருந்து கமென்ட்களில் ஒரே வசவு. ஒரு பெயர் தெரியாத ஐடி, “கடையோட சேத்து உன்னையும் கொளுத்துவோம்” என்கிறது. என் பெயரிலேயே இன்னொரு ஐடி திறந்து, என் ஃபோட்டோவையும் நம்பரையும் போட்டு ‘ரேட் பேசலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ராத்திரியெல்லாம் போன். காவல் நிலையத்தில் “அதெல்லாம் பேச்சுரிமைம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது மண்டபத்துக்காரர் அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: நீங்கள் அனுப்பிய மனு நகலைப் படித்தேன். எல்லாக் கமென்ட்களையும் ஒன்றாகச் சேர்த்து ‘என்னை அசிங்கப்படுத்திவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படிப் போனால் ஸ்டேஷனில் வாய்ச்சண்டை என்று ஒரு சி.எஸ்.ஆர். (மனு பெற்றதற்கான ரசீது) போட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு கமென்டையும் தனித்தனியாகப் பிரித்தால்தான் எது குற்றம் என்று தெரியும்.

“மூளை கெட்டவ”, “காசு கறக்கப் பாக்குறா” மாதிரியான வசவுகளை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கோபம் நியாயம்தான், ஆனால் வழக்கு நிற்காது. ஒரு காலத்தில் நின்றிருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. இணையத்தில் ‘எரிச்சலூட்டும்’ செய்தி அனுப்பினாலே மூன்று ஆண்டு வரை சிறை. 2012இல் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில்காரரை ஒரு ட்வீட்டுக்காக இதில்தான் கைது செய்தார்கள். அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் பால்கரில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்ததற்காக ஊர் ஏன் மூட வேண்டும் என்று கேட்ட பெண்ணோடு, அதற்கு ‘லைக்’ போட்ட தோழியையும் பிடித்தார்கள். ஷ்ரேயா சிங்கல் என்ற சட்ட மாணவி தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. அதற்குப் பிறகும் போலீஸ் 66ஏ போட்டுக்கொண்டே இருந்ததால், 2022இல் நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. உங்களுக்கு மனு எழுதிக்கொடுத்தவரும் 66ஏ என்று சேர்த்திருக்கிறார். அதை அடித்துவிடுங்கள்.

கெட்ட வார்த்தை இருந்தால் ‘ஆபாசம்’ என்று அதே சட்டத்தின் 67ஆம் பிரிவில் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். வசைச்சொல் இருப்பதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது என்று 2024இல் ஒரு வெப் சீரிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, ஸ்டேஷனில் சொன்ன பேச்சுரிமைக்கு வருவோம். அரசியலமைப்பின் 19(1)(அ) அதைத் தருகிறது. 19(2) எட்டுக் காரணங்களுக்காக மட்டும் அதைக் கட்டுப்படுத்த விடுகிறது. அந்த எட்டில் அவதூறு இருக்கிறது, குற்றம் செய்யத் தூண்டுவது இருக்கிறது. அடுத்தவர் மனம் புண்படுவது இல்லை. ஆகவே வசவு விஷயத்தில் அந்தக் காவலர் சொன்னது சரி. கொளுத்துவோம் என்பதற்கும் அதையே சொன்னதுதான் தப்பு.

அந்த மிரட்டல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் வருகிறது. உயிருக்கு ஆபத்து விளைவிப்பேன், தீ வைப்பேன் என்று மிரட்டினால் ஏழு ஆண்டு வரை சிறை. பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டினால் 351(4)இன்படி அதற்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டு வரை போடலாம். ஃபேக் ஐடி என்றால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த உட்பிரிவு தெரிவதில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்கு வலுவாகத் தெரிவது ‘ரேட் பேசலாம்’ பதிவுதான். ஒரு பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கில் எழுதுவதற்கு அதே சன்ஹிதாவில் 79ஆம் பிரிவு உண்டு. உங்கள் பெயரில் ஆள்மாறாட்டம் செய்திருப்பதால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளையும் கேளுங்கள். போன் செய்பவர்களில் ஒரே ஆள், வேண்டாம் என்று சொன்ன பிறகும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி அது ‘பின்தொடர்தல்’ என்ற குற்றம். அதனால் ஒருமுறையாவது “இனி கூப்பிடாதீர்கள்” என்று மெசேஜில் எழுதி அனுப்புங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

அந்தப் பதிவை “நான் எழுதவில்லை, வந்ததை ஷேர் பண்ணினேன்” என்று யாராவது சொன்னால் தயங்காமல் அவர் பெயரையும் சேருங்கள். பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு கேவலமான பதிவை 2018இல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த எஸ்.வி.சேகர் சொன்னதும் இதேதான், படிக்காமல் ஃபார்வர்டு செய்துவிட்டேன் என்று. சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அவர் அப்பீலுக்குப் போனார்.

இனி ஆதாரம். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களில் கமென்ட் மட்டும் வெட்டி எடுத்திருக்கிறது. அது போதாது. தேதி, நேரம், மேலே உள்ள உங்கள் பதிவு எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அந்த ஐடியின் புரொஃபைல் லிங்க்கைத் தனியாகக் காப்பி செய்து வையுங்கள். பெயரையும் படத்தையும் அவர்கள் நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள், லிங்க் இருந்தால் ஆளைத் தேடுவது சுலபம். போன் பழசு என்று எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்துவிடாதீர்கள். கோர்ட்டில் மின்னணு ஆதாரத்தோடு சாட்சியச் சட்டம் 63(4)இன்படி ஒரு சான்றிதழ் கேட்பார்கள். அதை வழக்கு நடக்கும்போது வக்கீல் பார்த்துக்கொள்வார். புகார் கொடுக்கும் நாளில் அது தேவையில்லை.

இதையெல்லாம் எடுத்து வைத்த பிறகு, அந்த ஐடியை நீக்கச் சொல்லி ஃபேஸ்புக்கின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். சமூக ஊடகங்களுக்கான 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோதே, ஆள்மாறாட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். நீக்கிவிட்டால் ஆதாரம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். நீக்கிய பதிவின் விவரத்தை விசாரணைக்காக 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நீங்கள் புகாரைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கும் காரணம் அதுதான்.

புது மனுவை மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுகளை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும். தேசிய சைபர் குற்றத் தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம். 1930 என்ற உதவி எண்ணுக்கு எல்லோரும் எல்லாவற்றுக்கும் போன் செய்கிறார்கள். அது முக்கியமாகப் பணம் பறிபோனவர்களுக்கானது. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கிறது.

கடைசியாக அந்த நோட்டீஸ். நோட்டீஸ் வந்தாலே வழக்கு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. அவதூறு புகாரில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, அவர் மாஜிஸ்திரேட்டிடம்தான் போக வேண்டும். கோர்ட் அதைக் கோப்பில் எடுக்கும் முன் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று இப்போதைய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அவதூறு பற்றிய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் விதிவிலக்குகளும் உண்டு. பொதுநலனுக்காகச் சொன்ன உண்மை, மற்றவர்களை நல்லெண்ணத்தோடு எச்சரிப்பது இரண்டும் அவதூறாகாது. எந்தத் தேதியில் கட்டினேன், எப்போது கேட்டேன், என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதியதெல்லாம் ரசீதோடு நிற்கும். இடிப்பது ‘மோசடிக் கும்பல்’ மட்டும்தான். அது உங்கள் கோபம், அதை நிரூபிக்க உங்களிடம் ஏதுமில்லை. பழைய பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டு அந்த ஒரு வரியை நீக்குங்கள். பதிவு இருக்கட்டும். நோட்டீஸுக்கு வக்கீல் மூலம் சுருக்கமாகப் பதில் போடுங்கள், ஃபேஸ்புக்கில் பதில் சொல்லாதீர்கள்.

40,000 ரூபாய்க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனியாகப் புகார் போடுங்கள். மண்டபம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும், அந்த ஒரு தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.