இருப்புப்பாதையைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

(அதிவேக ரயில்கள் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். இருபத்தொன்பது ஆண்டுகள் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: உலகிலேயே வேகமான ரயில் எது? நண்பர்களுக்குள் பந்தயம். ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். – கல்லூரி மாணவர்

ஒரே வரியில் சொன்னால் உங்கள் பந்தயம் சண்டையில் முடியும். தண்டவாளத்தைத் தொடாமல், காந்த விசையில் மிதந்து ஓடும் ரயிலையும் சேர்த்துக்கொள்வீர்கள் என்றால், ஜப்பானின் யமனாஷி சோதனைப் பாதையில் 2015 ஏப்ரல் 21 அன்று தொட்ட மணிக்கு 603 கி.மீ. தான் உச்சம். சக்கரம் உருள வேண்டும் என்றால், பிரான்ஸின் சோதனை ரயில் 2007 ஏப்ரல் 3 அன்று தொட்ட 574.8 கி.மீ. சாதாரணப் பயணி டிக்கெட் எடுத்து ஏறி, தினமும் போய்வரும் சக்கர ரயில் என்றால், சீனாவில் பெய்ஜிங்–ஷாங்காய் போன்ற பாதைகளில் ஓடும் 350 கி.மீ. ரயில்கள்.

நான் மதிப்பது மூன்றாவதை. 2007 ஓட்டத்துக்காகப் பெரிய சக்கரங்களை மாட்டினார்கள், மின்கம்பியை வழக்கத்தைவிட இறுக்கினார்கள், 25,000 வோல்ட்டை 31,000 வரை உயர்த்தினார்கள். ஒரு நாளுக்காகச் செய்த ஏற்பாடு அது. மழை, பனி, கோடை எது வந்தாலும் 1,318 கி.மீ. நீளமுள்ள பெய்ஜிங்–ஷாங்காய் பாதையை ஒவ்வொரு நாளும் 350க்குத் தகுதியாக வைத்திருப்பது அதைவிடக் கடினம்.

கேள்வி: இருக்கும் பாதையிலேயே சக்தி வாய்ந்த எஞ்சினைப் பூட்டி ஓட்டினால் போதாதா? புதிய பாதைக்கு எதற்கு இவ்வளவு செலவு? – வங்கி ஊழியர்

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்களே இல்லை. வேகம் எஞ்சினில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை, அது தரையில் இருக்கிறது.

எஞ்சின் சக்தி நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 1903இல் ஜெர்மனியில் பெர்லினுக்கு அருகே ஒரு மின்சார ரயில் பெட்டி 210 கி.மீ. வேகத்தில் ஓடிக் காட்டியது. 1955 மார்ச்சில் பிரான்ஸில் இரண்டு மின்சார எஞ்சின்கள் 331 கி.மீ. தொட்டன. ஆனால் அந்த ஓட்டத்தில் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃப் உருகியது. தண்டவாளம் நெளிந்துபோனது. எஞ்சின் முடியும் என்றது, பாதை முடியாது என்றது. பாதை முடியும் என்று சொல்ல அடுத்த பல ஆண்டுகள் பிடித்தன.

என்னதான் சிக்கல்? முதலில் வளைவு. வேகம் இரண்டு மடங்கானால் வளைவில் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்திச் சமாளிக்கலாம்தான், அதற்கும் எல்லை உண்டு. மேலே உயர்த்த உயர்த்த, அதே இடத்தில் மெதுவாகப் போகும் ரயில் உள்பக்கம் சாய்ந்துகொண்டு நிற்கும். ஆகவே வளைவையே அகலமாக்க வேண்டும். ஜப்பானின் முதல் புல்லட் ரயில் பாதையில் வளைவு ஆரம் 2,500 மீட்டர். அதையடுத்து மேற்கே நீட்டிய பாதையில் 4,000. பெய்ஜிங்–ஷாங்காயில் 7,000. ஒரு ஆற்றங்கரையையோ மலையடிவாரத்தையோ சுற்றிச் சுற்றிப் போன பழைய பாதையை இந்த ஆரத்துக்குத் திருத்த முயன்றால், அது பழைய பாதையாக இருக்காது.

அடுத்தது மேலே இருக்கும் கம்பி. பாண்டோகிராஃப் அழுத்தும்போது கம்பியில் ஓர் அலை எழுந்து ஓடுகிறது. அந்த அலையின் வேகத்தை ரயில் நெருங்கினால் கம்பி நடுங்கித் தொடர்பு விட்டுப்போகும், தீப்பொறி பறக்கும். அலையை வேகமாக்கக் கம்பியை இறுக்க வேண்டும். இறுக்கினால் அறுந்துவிடாத கம்பி வேண்டும். இப்படி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும்.

இதை முழுதாக உணர்ந்து, பழையதை விட்டுப் புதிதாகவே போட்டுவிடலாம் என்று முதலில் துணிந்தவர்கள் ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவர் ஷின்ஜி சோகோவும் தலைமைப் பொறியாளர் ஹிதேயோ ஷிமாவும். அவர்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் மனம் நெகிழும். ஜப்பானில் அதுவரை இருந்தவை பெரும்பாலும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1,067 மி.மீ. அகலமுள்ள குறுகிய பாதைகள். அவற்றை 1,435 மி.மீ. பாதையாக மாற்ற வேண்டும் என்று ஷிமாவின் தந்தை யசுஜிரோ ஷிமா பல்லாண்டு வாதாடித் தோற்றார். அவர் 1946இல் இறந்தார். தந்தையால் போட முடியாத அந்த அகலத்தில் டோக்கியோவிலிருந்து ஒசாகா வரை மகன் புதிய பாதை போட்டார். சோகோ உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் பெற்றார். திட்டத்தை நிறைவேற்றிவிட வேண்டும் என்ற வேகத்தில் செலவைக் குறைத்துச் சொல்லியிருந்தார். செலவு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 1963இல் இருவரும் பதவியை விட்டு விலகினார்கள். 1964 அக்டோபர் 1 அன்று, டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு ஒன்பது நாள் முன்பு, முதல் ரயில் புறப்பட்டது. அந்த விழாவுக்கு இருவரையும் அழைக்கவில்லை.

செலவைக் குறைத்துச் சொன்னது தவறு என்றே நினைக்கிறேன். பொது மக்களின் பணம் அது. ஆனால் அந்த மேடையில் இருவருக்கும் இரண்டு நாற்காலி போட்டிருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

கேள்வி: பாட்டி ரயில் கதை சொல்லும்போது 'தடக் தடக்' என்பார். அதிவேக ரயிலில் அந்தச் சத்தம் ஏன் இல்லை? – ஆறாம் வகுப்பு மாணவி

நல்ல காது உனக்கு. முன்பு சிறிய சிறிய தண்டவாளத் துண்டுகளை இரும்புப் பட்டை வைத்துப் போல்ட்டால் இணைப்பார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் இரண்டு துண்டுக்கும் நடுவில் சிறு இடைவெளி விடுவார்கள். சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போதெல்லாம் 'தடக்'. இப்போது துண்டுகளை உருக்கி ஒட்டி, பல கிலோமீட்டருக்கு ஒரே தண்டவாளமாக்கிவிடுகிறார்கள். அப்படியானால் வெயிலில் நீளாதா என்று கேட்பாய். நீளத்தான் பார்க்கும். ஆனால் அடியில் இருக்கும் கான்கிரீட் கட்டைகளும், அவற்றை இறுகப் பிடித்திருக்கும் ஜல்லியோ கான்கிரீட் தளமோ அதை நகர விடுவதில்லை. நீள முடியாத இரும்பு அந்த விசையைத் தனக்குள்ளேயே தாங்கிக்கொண்டு கிடக்கிறது. பாட்டியிடம் இதைச் சொல்.

கேள்வி: 300 கி.மீ. வேகத்தில் ஓட்டுநருக்கு சிக்னல் விளக்கு எப்படித் தெரியும்? – வாகன ஓட்டுநர்

தெரியாது, அதனால்தான் பாதையோரத்தில் விளக்குகளை நம்புவதில்லை. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 83 மீட்டர் கடந்துவிடுகிறது. அவசரமாக பிரேக் போட்டாலும் நிற்க மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இப்போது எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பது ஓட்டுநரின் முன்னால் இருக்கும் பலகையிலேயே தெரியும். அவர் மீறினால் கருவி தானாகவே பிரேக் பிடிக்கும். 1964இலேயே ஜப்பான் இப்படித்தான் தொடங்கியது.

கேள்வி: என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அதிவேக ரயிலில் போகிறேன் என்று அவன் சொன்னாலே எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையிலேயே பாதுகாப்பானதா? – ஒரு தாய்

அம்மா, மறைக்காமல் சொல்கிறேன். விபத்துகள் நடந்திருக்கின்றன. 1998 ஜூன் 3 அன்று ஜெர்மனியின் எஷெடேயில் 101 பேர் இறந்தார்கள். அதிர்வைக் குறைப்பதற்காகச் சக்கரத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் வைத்திருந்தார்கள். ஒரு வளையம் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் வளர்ந்து உடைந்தது. ரயில் தடம்புரண்டு சாலைப் பாலத்தில் மோதியது. 2011 ஜூலையில் சீனாவின் வென்சோவில் ஒரு ரயில் இன்னொன்றின் பின்னால் மோதி 40 பேர் இறந்தார்கள். அங்கே பழுது சிக்னல் அமைப்பில் இருந்தது. இரண்டிலுமே வேகத்தைக் குற்றம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதன் விலை அது. எஷெடேவுக்குப் பிறகு அந்த வகை ரயில்களுக்கு ஒரே வார்ப்பான சக்கரங்களையே மாட்டினார்கள்.

இனி மறுபக்கம். ஜப்பானின் புல்லட் ரயில்களில் 1964 முதல் தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. அதுவும் நிலநடுக்கம் மிகுந்த நாட்டில். நிலநடுக்கத்தில் முதலில் வருவது வேகமான, மெல்லிய அலை. நாசம் செய்யும் பெரிய அலை அதற்குப் பின்னால்தான் வரும். முதல் அலையைக் கருவிகள் உணர்ந்தவுடன் மின்சாரம் நின்று, ரயில்கள் தாமாகவே பிரேக் போட்டுக்கொள்கின்றன. 2011 மார்ச்சின் பேரழிவு நிலநடுக்கத்தில் பயணிகளோடு ஓடிக்கொண்டிருந்த புல்லட் ரயில் ஒன்றுகூடத் தடம்புரளவில்லை. 2004இல் நீகாத்தா பகுதியில் நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகே ஒரு ரயில் தடம்புரண்டது. அதில் இருந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவருக்கும் காயமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1993 டிசம்பரில் வடக்கு பிரான்ஸில் ஒரு ரயில் 294 கி.மீ. வேகத்தில் வரும்போது பாதைக்கு அடியில் நிலம் உள்வாங்கியது. முதல் உலகப் போரில் தோண்டிய பதுங்குகுழி, பெருமழையில் சரிந்து பள்ளமாகியிருந்தது. பெட்டிகள் தடம் விலகின, ஆனால் கவிழவில்லை. எவரும் இறக்கவில்லை. அந்த ரயிலில் இரண்டு பெட்டிகளின் முனைகளை ஒரே சக்கரத் தொகுதி தாங்குகிறது. அதனால் பெட்டிகள் மடங்காமல் ஒரே கோலாக நின்றுவிட்டன. மகனைத் தாராளமாகப் போய்வரச் சொல்லுங்கள்.

கேள்வி: விமானம் இருக்கும்போது ரயில் எதற்கு? – வணிகர்

தூரத்தைப் பொறுத்தது. ரயில் மூன்று மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும் ஊர்களுக்கு விமானம் பின்தங்குகிறது. விமான நிலையம் ஊருக்கு வெளியே, ரயில் நிலையம் ஊருக்கு நடுவே. மாட்ரிட்–பார்சிலோனா 621 கி.மீ. பாதை 2008இல் முழுமையாகத் திறந்த பிறகு அந்த வான்வழியில் கூட்டம் வெகுவாகக் குறைந்தது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நான்ட், போர்தோ மூன்று நகரங்களுக்கான விமானங்களை பிரான்ஸ் 2023இல் சட்டம் போட்டே நிறுத்தியது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயில் இருப்பதே காரணம். இரண்டாயிரம் கிலோமீட்டர் என்றால் நீங்கள் விமானத்திலேயே போங்கள்.

கேள்வி: ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர்களைப் பார்த்துக்கொண்டே போவதுதான் ரயிலின் சுகம். 300 கி.மீ. வேகத்தில் எதைப் பார்ப்பது? உங்கள் அதிவேகம் அந்த சுகத்தைக் கொன்றுவிட்டது. – ஓய்வுபெற்ற ஆசிரியை

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. பாதி ஒப்புக்கொள்கிறேன்.

வேகம் பறிப்பது பக்கத்தில் இருப்பதை. பாதையோரப் பூ, வேலி, கையசைக்கும் குழந்தை இவை எல்லாம் கோடாகிவிடுகின்றன. அது இழப்புதான். ஆனால் தொலைவில் இருப்பது நம்மோடுதான் இருக்கிறது. கண்ணைத் தூரத்தில் வைக்கப் பழக வேண்டும். டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும்போது வலப்பக்க ஜன்னல் இருக்கை, அதாவது 'ஈ' வரிசை, கேட்டு வாங்க வேண்டும். புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி மலை தெரியும். நான் முதல் இரண்டு முறை போனபோது முழுக்க மேகம். மூன்றாம் முறை தெரிந்தது. முன்னால் மின்கம்பங்கள் விசிறியடித்துக்கொண்டு போக, மலை மட்டும் அவசரமே இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது. என் வரிசையில் இருந்தவர் படித்துக்கொண்டிருந்த தாளை மடித்து வைத்தார். தினமும் அந்த வழியில் போகிறவர் போலத்தான் தெரிந்தது. அவரும் பார்த்தார்.

மெதுவான ரயில்களும் அழிந்துவிடவில்லை. சுவிட்சர்லாந்தில் செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸுக்குப் போகும் கிளேசியர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு 291 பாலங்களையும் 91 சுரங்கங்களையும் கடக்கிறது. அவற்றில் லாண்ட்வாஸர் பாலம் 65 மீட்டர் உயரம். கற்பாலத்தில் வளைந்து வரும் ரயில், பாலம் முடிந்த நொடியிலேயே செங்குத்துப் பாறைக்குள் நுழைகிறது. அந்தத் தூரத்தை சீனத்து ரயில் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். எனக்கு இரண்டும் வேண்டும். அலுவலாகப் போகும்போது முன்னது உதவாது, அதைப் பார்ப்பதற்கென்றே போகும்போது பின்னது உதவாது.

இரண்டிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. எழுந்து நடக்கலாம். காரில் கட்டுண்டு, விமானத்தில் பெல்ட் போட்டுக்கொண்டு போகும் மனிதன், ரயிலில் மட்டும்தான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆறு பெட்டி தாண்டி நடந்துபோய், அத்தனை முகங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான்.

கேள்வி: இன்னும் ஒரே ஒரு ரயிலில் ஏறலாம் என்றால் எதில் ஏறுவீர்கள்? – பெயர் எழுதாத வாசகர்

பயணிகளை ஏற்றாத ரயிலில். ஜப்பானில் டோக்கியோவுக்கும் ஹகாட்டாவுக்கும் நடுவே மஞ்சள் நிறத்தில் ஏழு பெட்டிகளோடு ஒரு ரயில் ஓடும். டாக்டர் யெல்லோ என்று பெயர். பயணி ரயில்களுக்கு நடுவிலேயே 270 கி.மீ. வரை வேகமாக ஓடிக்கொண்டே தண்டவாளம் எங்கே தாழ்ந்திருக்கிறது, கம்பி எங்கே தேய்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டு போகும். அதன் நேர அட்டவணையை வெளியிடுவதில்லை. ஆகவே அதைப் பார்த்தாலே நல்லது நடக்கும் என்று மக்கள் நம்புகிறார்கள். அது கண்டுபிடித்த குறையை, ரயில்கள் ஓடாத நள்ளிரவு முதல் காலை ஆறு மணிக்குள் ஆட்கள் போய்ச் சரிசெய்ய வேண்டும். சுத்தியலோடு பாதையில் நடந்து, தட்டிப் பார்த்து, ஓசையிலேயே தளர்ந்த போல்ட்டைக் கண்டுபிடிக்கும் தொழிலாளர்களோடு வேலை செய்தவன் நான். அந்த ரயில் என் கண்ணுக்கு அவர்களின் தம்பி மகன் மாதிரி.

நகோயாவின் நடைமேடையில் ஒருமுறை அது என் முன்னால் வந்து நின்று, சிறிது நேரத்தில் கிளம்பிப் போனது. அந்த வகையில் இருந்த இரண்டு ரயில்களில் ஒன்றை 2025 ஜனவரியில் ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றதும் 2027க்குப் பிறகு நிற்கும். பயணி ரயில்களிலேயே அளக்கும் கருவிகளைப் பொருத்தப் போகிறார்கள். அதற்கு முன்பு ஒருமுறை, அளவீட்டுத் திரையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஷிமா போட்ட 2,500 மீட்டர் வளைவு அதில் எப்படிக் கோடாக விழுகிறது என்று பார்க்க வேண்டும்.