நாற்பது பக்கத்தில் ஏழு வருஷம்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். எங்கள் செட்டில் 46 பேர். பாதிப் பேர் ஆறாவதிலிருந்தே ஒன்றாகப் படிக்கிறோம், மீதிப் பேர் பிளஸ் ஒன்னில் வந்து சேர்ந்தவர்கள். மார்ச்சில் பரீட்சை முடிந்தால் ஆளுக்கொரு திசை. அதற்குள் ஒரு நினைவு மலர் போட ஆசை. வாட்ஸ்அப் குரூப்பில் கட்டுரை கேட்டேன். இரண்டு மாதத்தில் வந்தது நாலே நாலு. நாலிலும் ‘மறக்க முடியாத பசுமையான நினைவுகள்’தான். என்ன செய்யட்டும் அக்கா?
– வகுப்புத் தலைவி, 2026 செட்டு

பதில்: தங்கச்சி, கட்டுரை கேட்டதுதான் தப்பு. ‘பள்ளி வாழ்க்கை பற்றி எழுது’ என்றால் நன்றாக எழுதுகிற நாலு பேர் மட்டும் எழுதுவார்கள், அவர்களும் ஆண்டு விழா மேடைத் தமிழில் எழுதுவார்கள். குரூப்பில் கேட்டால் முதலில் வந்ததைப் பார்த்து மற்றவர்களும் அதே மாதிரி எழுதுவார்கள். குரூப்பை விடுங்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு பீரியட் கேட்டு வாங்கி, ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து, இருபது நிமிஷத்தில் அங்கேயே எழுதி வாங்குங்கள். கட்டுரை வேண்டாம், ஐந்து கேள்விக்குப் பதில் போதும். வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பி, எதில் வருவாய்? முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தது யார்? கொரோனாவில் யாருடைய போனில் பாடம் பார்த்தாய்? 2023 வெள்ளத்தில் உன் வீட்டில் என்ன நனைந்தது? யார் டிபன் பாக்ஸில் அதிகம் கை வைத்தாய்?

பிளஸ் ஒன்னில் வந்தவர்களும் இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியும். அது முக்கியம். ‘நம்ம ஆறாவது பி செக்‌ஷன்’ என்றே புத்தகம் போனால் பாதி வகுப்பு வேடிக்கை பார்க்கும். எந்தப் பள்ளியிலிருந்து வந்தாலும் உங்கள் செட்டு பட்டது ஒன்றுதான். 2019 ஜூனில் ஆறாவது. அது முடியுமுன்னே 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் பூட்டு, பரீட்சை இல்லாமல் பாஸ். ஏழாவது முழுக்க வீட்டில், கல்வித் தொலைக்காட்சி முன்னால். எட்டாவதில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்ப பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். பத்தாவதில் டிசம்பர் 17, 18 மழை, தாமிரபரணி கரை தாண்டிய வெள்ளம். பிளஸ் ஒன்னில் பொதுத்தேர்வு எழுதிய கடைசி செட்டும் நீங்கள்தான். 2025–26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இந்த வரிசையில் வருஷத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அரைத்தாள்களிலிருந்து அந்தந்த வருஷத்துக்கான வரிகளைப் பொறுக்கிப் போட்டாலே மலரின் முதுகெலும்பு நின்றுவிடும்.

திருத்தும்போது ஒரே விதி: எந்த ஊர்ப் பள்ளிக்கும் பொருந்துகிற வரியை அடித்துவிடுங்கள். ‘ஒரு குடும்பம் போல் பகிர்ந்து உண்டோம்’ என்று ஒருத்தி எழுதியிருந்தால், கூப்பிட்டு என்ன உண்டீர்கள் என்று கேளுங்கள். ‘அக்கா கல்யாணத்து மறுவீட்டுச் சொதியை டிபன் பாக்ஸில் கொண்டு போனேன். மத்தியானத்துக்குள் தேங்காய்ப்பால் புளித்துவிட்டது. இஞ்சித் துவையலை மட்டும் ஆறு பேர் வழித்துத் தின்றோம்’ என்பாள். அதைத்தான் அச்சடிக்க வேண்டும். பட்டப்பெயரில் வாத்தியார்களுடையதும், உடம்பையோ சாதியையோ தொடுகிறதும் கூடவே கூடாது. போன் நம்பரும் வேண்டாம்.

இனி பக்கக் கணக்கு. ஏ5 அளவு, நடுவில் பின் அடித்த புத்தகம். இதில் பக்கம் நாலின் மடங்காகத்தான் வரும், ஏனென்றால் ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். பக்கத்துக்கு இருவர் என்று 46 பேருக்கு 23 பக்கம், வருஷத்துக்கு ஒன்றாக ஏழு வருஷத்துக்கு 7, ஆசிரியர்களுக்கு 3, குழுப்படத்துக்கு 2, இடையில் படிப்பை நிறுத்தியவர்களுக்கும் ஊர் மாறிப்போனவர்களுக்கும் 1, கையெழுத்துக்கு 2, முகப்பும் பொருளடக்கமும் 2. ஆக 40. அட்டை தனி. ஆளுக்கு அறுபது சொல், ஒரு சின்னப் படம். அதற்கு மேல் போனால் எழுத்தைப் பொடியாக்குவார்கள், அம்மா ஆச்சி யாரும் படிக்க முடியாது.

உள்தாள் 80 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) மேப்லித்தோ, அதாவது வழவழப்பில்லாத வெள்ளைத்தாள், அட்டை 250 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு என்று சொல்லுங்கள். உள்ளேயும் வழவழப்பான ஆர்ட் பேப்பர் போடலாம் என்று ஆசை காட்டுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், கையெழுத்துப் பக்கத்தில் ஜெல் பேனா காயாமல் இழுவிவிடும். கலர் வேண்டுமென்றால் நடுத்தாளின் நாலு பக்கத்துக்கு மட்டும். அறுபது பிரதிக்கு சிவகாசி வரை போக வேண்டாம். ஆஃப்செட்டில் பிளேட் செலவை அத்தனை குறைவான பிரதி தாங்காது. பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி ஜங்ஷனிலோ டிஜிட்டல் பிரிண்ட் போடுகிற இரண்டு இடத்தில், மேலே சொன்ன அளவு, பக்கம், தாள், கலர், பிரதி எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்து விலை கேளுங்கள். தை பிறந்துவிட்டால் பிரஸ்ஸெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் மூழ்கிவிடும். அதனால் பொங்கல் லீவுக்குள் டைப் அடித்து முடித்து, பிப்ரவரி செய்முறைத் தேர்வுக்கு முன்னால் புரூஃப், அதாவது திருத்திப் பார்க்கிற மாதிரி அச்சு, கையில் இருக்க வேண்டும்.

டைப் அடிப்பதற்கு முன் பிரஸ்ஸில் எந்த எழுத்துரு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் போனில் அடிப்பது யூனிகோட். பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில் பாமினி வகைப் பழைய எழுத்துருவில் வேலை செய்கிறவர்களிடம் கொடுத்தால் கேள்விக்குறியாக வரும், அல்லது மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். மாற்றிய பிறகு வரிவரியாகப் படிக்க ஆள் வேண்டும். பெயர்களை நீங்கள் சரிபார்க்காதீர்கள். புரூஃபை வகுப்பில் சுற்றுக்கு விட்டு, அவரவர் பெயருக்கும் இனிஷியலுக்கும் பக்கத்தில் அவரவரே கையெழுத்துப் போடட்டும்.

படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். நாலு அங்குல அகலத்தில் அச்சாக, குறுக்கே 1,200 பிக்சல் இருக்க வேண்டும். பழைய பிரிண்டுகளை ஃப்ளாஷ் போட்டு எடுக்காமல் ஜன்னல் ஓரம் வைத்து, போனை நேர் மேலே பிடித்து எடுங்கள்.

குழுப்படம் காலை எட்டரை மணிக்கு, கட்டட நிழலில். வேப்பமரத்தடி பார்க்க அழகுதான், ஆனால் முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழும். கையில் கலர்க் கயிறு கட்டியிருப்பவர்கள் அன்றைக்குக் கழற்றிவிட்டு வரட்டும். நம் பக்கத்தில் அது சாதி அடையாளம் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று வராதவர் படத்தை மூலையில் வட்டத்துக்குள் ஒட்டாதீர்கள், அஞ்சலி போஸ்டர் மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் தனிப்படமாகப் போடுங்கள். இன்னொன்று: குழுப்படத்தை நடுப்பக்கத்தில் இரண்டு பக்கமும் விரித்துப் போட்டால், மடிப்பும் பின்னும் சரியாக நடுநாற்காலியில் விழும். அங்கே உட்கார்ந்திருப்பவர் தலைமையாசிரியர். எடுக்கும்போதே நாற்காலிகளை இரட்டைப் படையில் போட்டு, நடுவில் அரை அடி இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்வரிசைகளும் அதே கோட்டில் பிரிந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நிற்கிற பிள்ளையின் முகம் மடிப்பில் போய்விடும்.

அறுபது பிரதியில் 46 உங்களுக்கு, 8 ஆசிரியர்களுக்கு, 1 பள்ளி நூலகத்துக்கு. மீதி 5 பிரதி, நடுவில் நின்றுபோனவர்களுக்கு. அவர்களிடமும் அதே ஐந்து கேள்வியைக் கேளுங்கள். பதில் வாங்க வீட்டுக்கு நேரில் போங்கள். கொரோனா சமயத்து நம்பர் பாதி இப்போது வேலை செய்யாது.