குவெரி முடிவை ரோவுக்கு மூன்றாகக் காட்டுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: சார், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 14 புத்தகங்கள் இருக்கின்றன. பிஎச்பி பக்கத்தில் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகிறது. ரோவுக்கு மூன்றாகக் காட்ட குவெரியை (டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் கட்டளையை) எப்படி மாற்றுவது?

பதில்: குவெரியைத் தொடவே வேண்டாம். தேடி எடுத்து, ஆர்டர் பை சொன்னபடி அடுக்கித் தருவதோடு டேட்டாபேஸின் வேலை முடிந்தது. லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் டிஆர் (டேபிளில் ஒரு ரோவுக்கான எச்டிஎம்எல் டேக்) திறந்து மூடுகிறீர்கள், அதுதான் சிக்கல். டிடி (ரோவுக்குள் ஒரு கட்டத்துக்கான டேக்) மட்டும் சுற்றுக்கு ஒன்று வரட்டும். எண்ணியை 0-வில் தொடங்குங்கள். அதை மூன்றால் வகுத்து மீதி 0 என்றால் டிஆர் திறங்கள், மீதி 2 என்றால் மூடுங்கள்.

கேள்வி: செய்தேன். கடைசி ரோவில் ஒரு மூலை பார்டர் இல்லாமல் மொட்டையாக நிற்கிறதே?

பதில்: 14-ஐ மூன்றால் வகுத்தால் மீதி 2 அல்லவா? கடைசி ரோவில் இரண்டு புத்தகம்தான். ஒரு டிடி குறைகிறது. லூப் முடிந்த பிறகு ஒரு காலி டிடி போட்டு டிஆரை மூடுங்கள். அப்புறம், புத்தகப் பெயரை அப்படியே எக்கோ செய்யாமல் எச்டிஎம்எல் எஸ்கேப் செய்துவிடுங்கள், அதாவது பெயரில் உள்ள குறிகள் டேக்காக எடுத்துக்கொள்ளப்படாமல் எழுத்தாகவே தெரியும்படி மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அகரவரிசை குறுக்கே ஓடுகிறது. எனக்கு டெலிபோன் டைரக்டரி மாதிரி மேலிருந்து கீழே வர வேண்டும்.

பதில்: இதில்தான் பலரும் தடுமாறுவார்கள். முடிவு முழுவதையும் முதலில் அரேயில் (எண் வரிசைப்படி எடுக்கக்கூடிய பட்டியலில்) வாங்குங்கள். 14-ஐ மூன்றால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் 5 ரோ. முதல் ரோவில் 1, 6, 11-ஆவது புத்தகங்கள். அடுத்ததில் 2, 7, 12. இப்படியே ஐந்து ஐந்தாகத் தாண்டுங்கள். 15-ஆவது இல்லை, அந்தக் கட்டம் காலி. ஒரு வேடிக்கை: 9 புத்தகங்களை நான்கு நெடுவரிசையில் இப்படிப் போட்டால் 3 ரோ வரும், மூன்று நெடுவரிசையிலேயே எல்லாம் தீர்ந்து நான்காவது வெறுமையாக நிற்கும். லூப்பில் பிழை என்று நினைத்து ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன்! இந்தக் கணக்கே வேண்டாம் என்றால், சாதாரணப் பட்டியலாக அச்சிட்டு, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் காலம் கவுண்ட் 3 என்று கொடுங்கள். மேலிருந்து கீழாகத் தானே பிரித்துக்கொள்ளும்.

கேள்வி: அப்படியென்றால் டேபிளே தேவையில்லையா அண்ணா? போனில் மூன்றும் நசுங்குகிறது.

பதில்: உண்மையைச் சொன்னால், இதற்குத் தேவையில்லை தம்பி. பெயர், ஆசிரியர், விலை என்று ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு தலைப்பு வைக்க முடிந்தால் டேபிள் போடலாம். வெறும் அட்டைகளை அடுக்க சிஎஸ்எஸ் கிரிட் போதும். 2017-லேயே முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. அட்டையின் குறைந்தபட்ச அகலத்தை மட்டும் சொன்னால், திரைக்கு ஏற்ப மூன்றோ ஒன்றோ அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினேன், மைஎஸ்க்யூஎல் குவெரி ஃபங்ஷனே இல்லை என்கிறது.

பதில்: அது பிஎச்பி 7-லேயே, 2015-ல் நீக்கப்பட்டுவிட்டது. பிஎச்பியிலிருந்து டேட்டாபேஸை அணுகும் இன்னொரு வழியான பிடிஓவுக்கு மாறுங்கள்.

கேள்வி: ஐயாயிரம் புத்தகம் இருந்தால்?

பதில்: குவெரியில் லிமிட் போட்டு (எத்தனை எடுக்க வேண்டும் என்று சொல்லி) பக்கம் பக்கமாகக் காட்டுங்கள். பக்கத்துக்கு 10 வேண்டாம், 12 வையுங்கள். இரண்டு, மூன்று, நான்கு நெடுவரிசை எதிலும் மீதி வராது.