செங்கல் எங்கும் ஒன்றுதான்; பிறகு ஏன் ஊருக்கு ஊர் கட்டடம் மாறுகிறது?

பழைய செங்கல் கட்டடங்கள் ஊருக்கு ஊர் வேறுபட வெயிலும் மழையும்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக் காரணம் அதுதான். மீதி, அந்த ஊர்க்காரர்கள் எந்த மாதிரி வீட்டில் குடியிருந்தார்கள் என்பது. மேற்கு வங்கத்தின் விஷ்ணுபூருக்குப் போய் வந்த பிறகு எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

வங்கச் சமவெளி பெரும்பாலும் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். கல்லுக்குத் தட்டுப்பாடு, களிமண் வேண்டிய மட்டும் கிடைக்கும். மழையோ கொட்டித் தீர்க்கும். அதனால் கிராமத்துக் குடிசையில் மூங்கிலை வளைத்துக் கட்டி வைக்கோல் வேய்ந்தார்கள். முகடும் இறவாரமும் (கூரையின் கீழ் விளிம்பு) நடுவில் உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்து வில் மாதிரி இருக்கும், தண்ணீர் தேங்காது.

அந்த வில் வடிவத்தை அப்படியே செங்கலில் கட்டினார்கள். விஷ்ணுபூரை ஆண்ட மல்ல அரசர் ரகுநாத சிங்கர் 1655-ல் அங்கே கட்டிய ஜோர் பங்களா கோயில், இரண்டு குடிசைகளை ஒட்டி வைத்து நடுவில் சின்னக் கோபுரம் ஏற்றிய வடிவம். யோசித்துப் பாருங்கள், வளைவது மூங்கிலின் குணம். செங்கலுக்கு அந்த அவசியமே இல்லை. நேர்ச் சரிவாகக் கட்டியிருந்தாலும் மழைநீர் வடிந்திருக்கும்.

இது கோயிலோடு தொடங்கியதும் அல்ல. வங்கத்திலேயே உள்ள பாண்டுவாவில் 15-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுந்த ஏக்லாகி கல்லறை மாடத்திலேயே, குவிமாடத்துக்குக் கீழே இதே வளைந்த இறவாரம் வந்துவிட்டது.

ஜோர் பங்களாவின் சுவரைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஈரக் களிமண்ணில் உருவங்களைச் செய்து, சுட்டு, வரிசை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அம்புப் படுக்கையில் பீஷ்மர், வேட்டைக்காரர்கள், படகுகள் என்று கண் நகர நகரக் கதை ஓடுகிறது. நம் ஊர்க் கோபுரத்திலும் கல் தளத்துக்கு மேலே செங்கல்தான். ஆனால் நாம் அதன்மேல் சுதை பூசிப் பொம்மை செய்கிறோம், குடமுழுக்குக்கு முன்னால் மறுபடி வண்ணம் அடிக்கிறோம். அங்கே சுட்ட மண்ணேதான் சிற்பம். பூச்சு வேலையே கிடையாது. (எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது.)

கல்லுக்குத் தட்டுப்பாடு என்றாலும், விஷ்ணுபூர்ப் பக்கம் செம்புரைக்கல் என்ற சிவந்த கல் உண்டு. 1658-ல் எழுந்த லால்ஜி கோயில் முழுக்க அந்தக் கல்தான். ஆனால் சொரசொரப்பான அந்தக் கல்லில் நுணுக்கமாகச் செதுக்க முடியாது. கதை சொல்ல வேண்டிய சுவருக்குக் களிமண்தான் தோது.

சரி, மழைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், ஷாஜகான் காலத்தில் லாகூர்க் கோட்டையில் கட்டிய நௌலாகா மண்டபத்துக்கு ஏன் இதே வங்கக் கூரை? அது வெள்ளைப் பளிங்கு. வங்கத்து மழையும் அங்கே கிடையாது. பார்க்க நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.